‘அது அந்தக் காலத்துக்கு’ என்று சொன்னால் போதுமா?

கேள்வி: ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர், நல்ல மனிதர், அத்தவ்பா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தைப் போனில் காட்டினார். “இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று உங்கள் வேதத்தில் இருக்கிறதே, என்னையும் சேர்த்துத்தானா?” என்று கேட்டார். “அது அந்தக் காலத்துக்குச் சொன்னது” என்றேன். “அப்படியானால் தொழுகையும் நோன்பும் மட்டும் எப்படி இந்தக் காலத்துக்கு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் பெரியத்தாவிடம் கேட்டேன். “இதையெல்லாம் நோண்டாதே, ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடும்” என்று அதட்டிவிட்டார். வரலாற்றை வைத்து குர்ஆனை விளக்குவது சரியா? சரியென்றால் எங்கே நிறுத்துவது? – ஒரு வாசகி

பதில்: அன்பு மகளே, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் நண்பரின் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடக் கனமானது. அவர் மடக்குவதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. “என்னையும் சேர்த்துத்தானா?” என்று ஒரு மனிதர் கேட்டால் அவர் மனதில் ஒரு வலி இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவரை வாதத்தில் ஜெயிக்கும் வழியை நான் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் சொன்ன பதில் எங்கே வழுக்கியது என்று முதலில் பார்ப்போம்.

“அது அந்தக் காலத்துக்கு” என்பது வசனத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பதில். சங்கடமான வசனம் வரும்போது மட்டும் வரலாற்றைக் கையில் எடுத்தால், கேட்பவருக்கு அது சாக்காகத்தான் தெரியும். நம் முன்னோர் வரலாற்றை அப்படிப் பயன்படுத்தவில்லை. ஒரு வசனம் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதற்காகவே அது எப்போது, யாரைப் பற்றி, என்ன பிரச்சினையில் இறங்கியது என்று கேட்டார்கள். மத்ரஸாவில் இதை அஸ்பாபுன் நுஸூல், அதாவது வசனங்கள் இறங்கிய காரணங்கள், என்று ஓதுவோம். உருது வழியில் ஓதியவர்கள் ஷானே நுஸூல் என்பார்கள். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஸஹாபாக்கள் என்ற நபித்தோழர்களின் வீட்டுக்குள்ளேயே தொடங்கியது.

உர்வா என்ற இளைஞரின் கதை புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடைய அக்கா அஸ்மா (ரலி) அவர்களின் மகன். பிற்காலத்தில் மதீனாவின் பெரிய மார்க்க அறிஞர்களில் ஒருவரானவர். அவர் தன் சின்னம்மாவிடம் போய், மக்காவிலுள்ள ஸஃபா, மர்வா குன்றுகள் பற்றிய வசனத்தை (2:158) ஓதிக்காட்டினார். ஹஜ்ஜோ உம்ராவோ செய்பவர் அவ்விரண்டுக்கும் இடையே சுற்றி வருவதில் “குற்றமில்லை” என்று அதில் வருகிறது. “அப்படியானால் சுற்றாமல் விட்டாலும் தவறில்லை என்றுதானே பொருள்?” என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், அரபி அவருக்குத் தாய்மொழி. வாக்கியத்தை அவர் தப்பாகப் படிக்கவில்லை.

ஆயிஷா (ரலி) கண்டித்தார்கள். “என் சகோதரி மகனே, நீ சொல்வதுபோல் இருந்தால், ‘சுற்றாமல் இருப்பதில் குற்றமில்லை’ என்றல்லவா வந்திருக்கும்?” என்று முதலில் சொல்லமைப்பைச் சுட்டினார்கள். அதற்கப்புறம்தான் நடந்ததைச் சொன்னார்கள். பிற்காலத்தில் நபிக்குத் துணை நின்ற மதீனாவாசிகளான அன்ஸாரிகள், இஸ்லாத்துக்கு முன்பு முஷல்லல் என்ற இடத்தில் இருந்த மனாத் சிலைக்காக இஹ்ராம் (ஹஜ்ஜுக்கான புனித நிலை) கட்டுவார்கள். அப்படிக் கட்டியவர்கள் ஸஃபா மர்வாவுக்கு இடையே போவதைப் பாவமாக நினைத்தார்கள். இஸ்லாத்துக்கு வந்த பிறகும் அந்தத் தயக்கம் தீரவில்லை; நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அந்தத் தயக்கத்துக்கு வந்த பதில்தான் “குற்றமில்லை”.

ரமளான் மாதம், வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். நோன்பை விட மனமில்லாமல் அழுகிறது. “பரவாயில்லை, சாப்பிடு” என்கிறாள் தாய். வாசலில் நின்று அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கேட்டவர், இந்த வீட்டில் நோன்பு கட்டாயமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார். அவர் காதில் விழுந்த சொல் உண்மைதான். பிள்ளையின் அழுகை காதில் விழவில்லை. உர்வாவுக்கு நடந்தது இதுதான்.

அவர் சின்னம்மாவிடம் கேட்டுத் தெளிந்துகொண்டார். எல்லோருக்கும் அப்படி முடிந்துவிடவில்லை. குதாமா இப்னு மள்ஊன் (ரலி) இஸ்லாத்தின் முதல் பெரும் போரான பத்ரில் கலந்துகொண்டவர், கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு மைத்துனர், பஹ்ரைனுக்கு ஆளுநராக இருந்தவர். அவர் மது அருந்தினார் என்று புகார் வந்தது. ஈமான் கொண்டு நற்செயல் செய்பவர்கள் உண்டதில் குற்றமில்லை என்ற வசனத்தை (5:93) அவர் தனக்கு ஆதாரமாகக் காட்டினார். அந்த வசனம் இறங்கிய சூழல் வேறு. மது தடை செய்யப்பட்ட அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அப்போது சிலருக்கு ஒரு கவலை வந்தது: தடைக்கு முன்பே, வயிற்றில் மதுவோடு போரில் இறந்துபோனவர்களின் கதி என்ன? அந்தத் துக்கத்துக்கு ஆறுதலாக வந்த வசனம், தடைக்குப் பின்னால் குடித்தவருக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. “நீர் விளக்கத்தில் தவறிவிட்டீர். அல்லாஹ்வை அஞ்சியிருந்தால் அவன் தடுத்ததை விட்டு விலகியிருப்பீர்” என்று சொல்லி உமர் (ரலி) தண்டனையை நிறைவேற்றினார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் ஒரு காரணத்துக்காகத்தான் முதலில் சொன்னேன். இரண்டிலும் வரலாறு வந்து மார்க்கத்தைச் சுருக்கவில்லை. உர்வா தளர்த்திய கடமையை அது இறுக்கியது. குதாமா திறந்த கதவை அடைத்தது. வரலாற்றைப் பார்த்தால் மார்க்கம் கரைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

சரி, உங்கள் நண்பர் காட்டிய வசனத்துக்கு வருவோம்.

ஹிஜ்ரி 6-ல், கி.பி. 628-ல், ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களுக்கும் மக்காவின் குறைஷிகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குச் சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. எந்தக் குலமும் தான் விரும்பிய பக்கம் சேர்ந்துகொள்ளலாம். குஸாஆ குலம் முஸ்லிம்கள் பக்கம் சேர்ந்தது, பனூ பக்ர் குலம் குறைஷிகள் பக்கம். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, பனூ பக்ர் இரவோடு இரவாக குஸாஆவைத் தாக்கியது. குறைஷிகள் ஆயுதம் கொடுத்து உதவினார்கள். அதன் பின்தான் ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றி. அடுத்த ஆண்டு அபூபக்ர் (ரலி) தலைமையில் ஹஜ்ஜுக்குக் கூட்டம் புறப்பட்டது. அத்தவ்பாவின் தொடக்க வசனங்களை மக்கள் முன் அறிவிக்க அலீ (ரலி) பின்னால் அனுப்பப்பட்டார்கள். மினாவில், ஊரெல்லாம் கூடியிருந்த இடத்தில், அறிவிப்பு நடந்தது. ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு அதன் தவணை வரை ஒப்பந்தம் செல்லும் என்பதும் அந்த அறிவிப்பில் ஒன்று.

இப்போது தர்ஜுமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) எடுத்து, அத்தியாயத்தின் முதல் வசனத்திலிருந்து படியுங்கள். முதல் வசனம், நீங்கள் ஒப்பந்தம் செய்துகொண்ட இணைவைப்போர் என்று ஆட்களைக் குறிக்கிறது. இரண்டாவது வசனம் அவர்களுக்கு நான்கு மாத அவகாசம் தருகிறது. நான்காவது வசனம், ஒப்பந்தத்தில் குறை வைக்காதவர்களையும் உங்களுக்கு எதிராக யாருக்கும் உதவாதவர்களையும் விலக்கிவிடுகிறது. அதற்கப்புறம்தான் ஐந்தாவது. அந்த மாதங்கள் கழிந்ததும் “அல்முஷ்ரிகீன்”, அதாவது இணைவைப்போர், என்று வருகிறது. அரபியில் “அல்” போட்டால் ஏற்கெனவே பேசப்பட்ட அந்த ஆட்களைச் சுட்டும் பொருளும் உண்டு. தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) ஆசிரியர்கள் பலரும் இங்கே அப்படித்தான் எடுத்தார்கள். ஆறாவது வசனம், அந்த இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், அல்லாஹ்வின் பேச்சைக் கேட்கட்டும், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. போர் நடக்கும்போது, எதிரியை அவர் ஊர் வரை கூட்டிக்கொண்டுபோய் விடச் சொல்லும் கட்டளை இது. பதின்மூன்றாவது வசனம் காரணத்தையே சொல்கிறது: சத்தியங்களை முறித்தார்கள், தூதரை ஊரைவிட்டு வெளியேற்ற நாடினார்கள், முதலில் உங்கள் மீது தொடங்கியவர்களும் அவர்கள்தான்.

இது மென்மையான வசனம் என்று நான் சொல்லவில்லை. போர் அறிவிப்பு அது. அவர்கள் திருந்தித் தொழுது ஸகாத் கொடுத்தால் வழியை விட்டுவிடுங்கள் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது யார் மீதான அறிவிப்பு, எந்தத் தவணைக்குப் பிறகு என்பதை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. வசனத்தின் முன்னும் பின்னும் அப்படியே இருக்கிறது. ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தவர்தான் அதைத் தொலைத்தார், அவர் நம்மவராக இருந்தாலும் சரி, மற்றவராக இருந்தாலும் சரி.

நண்பரின் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. தொழுகையைச் சொல்லும்போது குர்ஆன் என்ன நேரத்தைச் சொல்கிறது? சூரியன் சாய்ந்ததிலிருந்து இரவின் இருள் வரை (17:78). நோன்பைச் சொல்லும்போது? உங்களில் யார் அந்த மாதத்தை அடைகிறாரோ அவர் நோன்பு நோற்கட்டும் (2:185). சூரியன் இன்றும் சாய்கிறது, ரமளான் ஆண்டுதோறும் வருகிறது. அத்தவ்பாவின் அந்த நான்கு மாதம் ஒரே ஒரு முறை வந்து போனது. தொழுகையின் வசனம் மூமின்கள் (நம்பிக்கை கொண்டோர்) என்று அழைக்கிறது (4:103). ஐந்தாம் வசனம், ஒப்பந்தம் செய்து முறித்தவர்கள் என்று சுட்டுகிறது. இரண்டும் ஒரே வேதம், இரண்டும் நமக்கு வேதம். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று நாம் உட்கார்ந்து பொறுக்கவில்லை. ஒவ்வொரு வசனமும் தன் ஆளையும் நேரத்தையும் தானே சொல்கிறது, அதைக் கேட்கிறோம்.

உங்களுக்கு இன்னொன்றையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முற்கால அறிஞர்கள் எல்லோரும் இந்த வசனத்தை இப்படிப் பார்க்கவில்லை. பொறுமையையும் சமாதானத்தையும் சொல்லும் 124 வசனங்களின் சட்டத்தை இந்த ஒரு வசனம் மாற்றி நீக்கிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. நாளைக்கு உங்கள் நண்பர் அதையும் போனில் கண்டுபிடிப்பார். அப்போது நீங்கள் தடுமாறக் கூடாது. அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. மாற்றப்பட்ட வசனங்களென்று ஏற்கத் தக்கவை ஏறத்தாழ இருபதுதான் என்றார் இமாம் ஸுயூத்தி. டெல்லியில் ஷா வலியுல்லாஹ் (1703–1762) அதையும் ஐந்தாகக் குறைத்தார். ஸுயூத்திக்கு முன்பே இமாம் ஸர்கஷி, பொறுமை வசனங்கள் மாற்றப்படவில்லை, அவற்றுக்குரிய சூழல் வரும்போது அவை செல்லும் என்று எழுதினார். ஃபிக்ஹிலும் (மார்க்கச் சட்டத்திலும்) கருத்து வேறுபாடு உண்டு. அரபியரல்லாத சிலை வணக்கத்தாரிடம் ஜிஸ்யா என்ற வரியைப் பெற்றுக்கொண்டு அவர்களை அவர்கள் மார்க்கத்தில் விட்டுவிடலாம் என்று இமாம் அபூ ஹனீஃபா சொன்னார்கள். உலகத்து இணைவைப்போர் எல்லோரையும் பற்றிய கட்டளை என்று அவர்கள் இந்த வசனத்தை எடுக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ அவ்வளவு தூரம் வரவில்லை. இதை ஒளித்துவிட்டு எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மனம் சாய்வது எந்தப் பக்கம் என்று கேட்டால், வசனத்தை அதன் முன்னும் பின்னும் வைத்துப் படித்தவர்கள் பக்கம்.

சூழலை வெட்டிவிட்டுப் படித்தால் அந்தக் கத்தி முதலில் நம் கழுத்துக்கே வரும். முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஸிஃப்பீன் போருக்குப் பிறகு, கி.பி. 657-ல், “தீர்ப்பு அல்லாஹ்வுக்கே” என்ற குர்ஆன் சொல்லை முழக்கமாக்கிக்கொண்டு காரிஜிய்யாக்கள் அலீ (ரலி) அவர்களைவிட்டுப் பிரிந்தார்கள். “சொல் உண்மை, அதைக்கொண்டு நாடுவது பொய்” என்றார்கள் அலீ (ரலி). நான்கு ஆண்டில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன்தான் அவர்களைக் கொன்றான். இவர்களைப் பற்றி இப்னு உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது: நிராகரிப்போரைப் பற்றி இறங்கிய வசனங்களை எடுத்து மூமின்கள் மீது போட்டார்கள். எத்தனை நூற்றாண்டு கடந்தும் அந்த வியாதியை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். ஒரு வசனம் ஒருவரைப் பற்றி இறங்கியிருந்தால் அது அவரோடு முடிந்துவிடுமா? இந்தக் கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு பெண்ணை முத்தமிட்டுவிட்டு, செய்த தவறு உறுத்தி ஓடிவந்தவர் அவர். நற்செயல்கள் தீயவற்றைப் போக்கிவிடும் என்ற வசனம் (11:114) இறங்கியது. “அல்லாஹ்வின் தூதரே, இது எனக்கு மட்டுமா?” என்று கேட்டார். “என் உம்மத்தில் (சமுதாயத்தில்) இதைச் செய்யும் அனைவருக்கும்” என்று பதில் வந்தது. கவ்லா (ரலி) என்ற பெண்ணின் கணவர் “நீ என் தாயின் முதுகைப் போல” என்று அவரை ஒதுக்கியபோது அவர் முறையிட்டார், சட்டம் இறங்கியது (58:1–4). அது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்று எந்த அறிஞரும் சொன்னதில்லை. உஸூல் (சட்டம் எடுக்கும் முறை) அறிஞர்கள் இதையே விதியாக்கினார்கள்: சொல் பொதுவாக இருந்தால் பொதுவாகவே எடு, நிகழ்ச்சி தனியானது என்பதற்காகச் சுருக்காதே. சொல்லே குறிப்பிட்டு நின்றால் அதை நீ விரிக்கவும் கூடாது.

இதில் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் சம்பவம் எனக்கு மிகப் பிடித்தது. கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், ரோமர் படைக்குள் ஒரு முஸ்லிம் தனியாகப் பாய்ந்தார். “உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள்” என்ற வசனத்தை (2:195) நினைத்து மக்கள் கூச்சலிட்டார்கள். முதியவரான அபூ அய்யூப் எழுந்தார். “இது அன்ஸாரிகளான எங்களைப் பற்றி இறங்கியது. இஸ்லாம் பலமாகிவிட்டது, இனித் தோட்டம் துரவைக் கவனிப்போம் என்று ஒதுங்க நினைத்தோம். அந்த ஒதுங்கலைத்தான் அழிவு என்றான் இறைவன்” என்றார். அந்த வசனமே அல்லாஹ்வின் பாதையில் செலவிடுங்கள் என்றுதான் தொடங்குகிறது. அதே வசனத்தை இன்றைய ஆலிம்கள் புகையிலைக்கு எதிராகவும் ஓதுகிறார்கள். அதுவும் சரிதான், ஏனெனில் சொல் பொதுவானது. ஆனால் அபூ அய்யூப் சொன்னதைத் தெரிந்துகொண்டு ஓதுகிறவருக்கு, பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அழிவு என்பது மறக்காது.

அடுத்து ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான வசனங்களுக்குத் தனியான இறங்கிய காரணம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. காரணம் சொல்லப்பட்டவற்றிலும் எல்லாமே பலமான செய்திகள் அல்ல. இந்தத் துறையில் தனி நூல் எழுதிய இமாம் வாஹிதி (இறப்பு ஹிஜ்ரி 468), நேரில் கண்டு கேட்டவர்களின் அறிவிப்பு இல்லாமல் இதில் வாய் திறக்கக் கூடாது என்று எழுதினார். அவர் காலத்திலேயே ஆளாளுக்குக் கதை கட்டத் தொடங்கியிருந்தார்கள். நானும் இதில் தவறு செய்திருக்கிறேன். வயது இருபத்தைந்து இருக்கும். ஒரு ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) ஸஃலபாவின் கதையைச் சொன்னேன். ஏழையாக இருந்தார், செல்வத்துக்காக துஆ செய்யச் சொன்னார், ஆடுகள் பெருகின, ஸகாத் கொடுக்க மறுத்தார், அவரைப் பற்றித்தான் 9:75 இறங்கியது என்று. ஜமாஅத்தில் பலர் அழுதார்கள். அன்று மாலை என் உஸ்தாத் கூப்பிட்டார். “ஸஃலபா இப்னு ஹாதிப் பத்ரு ஸஹாபி. அந்தச் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனம். பத்ரில் நின்ற ஒருவரை முனாஃபிக் (நயவஞ்சகர்) ஆக்கிவிட்டு வந்திருக்கிறாய்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மிம்பரில் நின்று திருத்திச் சொன்னேன். இன்றும் ஒரு வசனத்துக்குக் கதை சொல்லுமுன் அந்த மாலை நினைவுக்கு வரும்.

ஆகவே, இறங்கிய காரணம் என்று யாராவது சொன்னால் யார் அறிவித்தது, எந்த நூலில் என்று கேளுங்கள். கதை உருக்கமாக இருப்பது ஆதாரம் ஆகாது.

உங்கள் பெரியத்தாவை நினைத்து மனம் நோக வேண்டாம். அவர் பயம் பாசத்திலிருந்து வருவது. உமர் (ரலி) ஒருநாள் தனியாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்: நபி ஒருவர், கிப்லா ஒன்று, பிறகு இந்த உம்மத் எப்படிப் பிளவுபடும்? இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்: “குர்ஆன் நம் மீது இறங்கியது, எதைப் பற்றி இறங்கியது என்று தெரிந்து ஓதினோம். நமக்குப் பின் வருபவர்கள் ஓதுவார்கள், எதைப் பற்றி என்று தெரியாது. ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள், பிறகு சண்டையிடுவார்கள்.” உமர் (ரலி) அதட்டி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யோசித்துப் பார்த்து, ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டு, “நீ சொன்னதை இன்னொரு முறை சொல்” என்றார்கள். இதைப் பெரியத்தாவிடம் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள். குர்ஆனைக் கேள்வி கேட்பது வேறு, குர்ஆனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு என்று அவருக்கும் புரியும்.

நண்பரிடம் போகும்போது தர்ஜுமாவை எடுத்துப் போங்கள். அத்தவ்பாவின் முதல் பதின்மூன்று வசனங்களை அவரையே படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் விளக்க வேண்டாம், அவர் கேட்கட்டும். நேரம் இருந்தால் இதையும் சொல்லுங்கள். மதீனாவில் இஸ்லாத்துக்கு முன்பு, பிள்ளை தங்காத தாய்மார்கள், இந்தப் பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்ப்பேன் என்று நேர்ந்துகொள்வார்கள். ஹிஜ்ரி 4-ல் பனூ நளீர் யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது, அப்படி வளர்ந்த அன்ஸாரிகளின் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். “எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்” என்றார்கள் பெற்றவர்கள். அப்போதுதான் “மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை” (2:256) இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும், ஊரைவிட்டே போய்விடுவான் என்றாலும், கையைப் பிடித்து இழுத்து மார்க்கத்துக்குள் வைக்க உனக்கு உரிமையில்லை என்று ஒரு தகப்பனிடம் சொன்ன வசனம் அது. சொல்லும் பொதுவானது, உங்கள் நண்பருக்கும் அது உண்டு.

படித்துவிட்டு அவர் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். வஸ்ஸலாம்.